கடற்கரைக்குப் போகாத சனி ஞாயிறு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை. கடந்த கிழமை இருப்புக் கணக்கெடுப்பும் கணக்காய்வும் ஒன்றாக வந்ததால், ஐந்து நாளும் இரவு ஒன்பது மணிக்கு முன்னர் வீடு திரும்ப முடியவில்லை. பிள்ளைகளோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. சனிக்கிழமை விடிந்ததும், எங்கும் போவதில்லை என்று முடிவெடுத்தோம். ஐந்தாம் தரத்தில் படிக்கும் மகனை ரியூசனுக்கும் அனுப்பவில்லை. நன்றாகத் தூங்கினோம், கரம் விளையாடினோம், மனைவி இரண்டு நாளும் இடியப்பம், சொதி, மீன்குழம்பு என்று வாய்க்கு ருசியாகச் செய்து தந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. திங்கட்கிழமை அலுவலகத்தில், "கொழும்பிலிருந்து சனம் வந்து இந்தக் கடலில் குளிக்குது, நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைத்தீர்களா?" என்று கேட்டார்கள். மகளும் புறாத்தீவுக்குக் கூட்டிப் போகவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நாங்கள் செய்தது சோம்பேறித்தனமா?

க., உப்புவெளி

அன்புள்ள தம்பிக்கு,

சோம்பேறித்தனம் இல்லை. அப்படி ஒரு கிழமைக்குப் பிறகு வேறு எதைச் செய்திருந்தாலும் உங்கள் உடம்பு அதை இன்னொரு வேலையாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கும்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஏறத்தாழ 260 கிலோமீற்றர் பயணம் செய்து, மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் காலம் பார்த்து, நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அறை எடுத்துத் தங்குவதற்குக் காரணம், இந்தக் கடல் அவர்களுக்கு அந்த இரண்டு நாள்களில் மட்டுமே கிடைக்கிறது என்பதுதான். உங்களுக்கு அது செவ்வாய்க்கிழமை பின்னேரமும் கிடைக்கும். வேலை நேரத்தோடு முடிகிற ஒரு நாளில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் டச்சுக் குடாக் கரைக்குக் கூட்டிச் சென்று, வருகிற வழியில் கோட்டைப் பக்கம் மேய்கிற மான்களையும் காட்டிவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். புறாத்தீவு சற்றுப் பெரிய ஏற்பாடு. 2003ஆம் ஆண்டிலிருந்து அது தேசியப் பூங்கா; நுழைவுச்சீட்டு எடுக்கவேண்டும், நிலாவெளிக் கரையில் படகு பேசவேண்டும், பவளப்பாறையை மிதிக்காமல் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். களைத்துப்போன தகப்பன் அந்தக் கூட்டத்துக்குள் செய்யக்கூடிய காரியமல்ல அது. பாடசாலை விடுமுறையில் ஒரு வேலைநாளைக் குறித்து, லீவு போட்டு, மகளுக்கு அந்தத் திகதியை இப்போதே சொல்லிவிடுங்கள். திகதி தெரிந்தால் அவள் கோபம் ஆறிவிடும்.

மகனைப் பற்றியும் கவலைப்படவேண்டாம். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் நம்முடைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது என்பதை, விடிந்தும் விடியாத நேரத்தில் புத்தகப் பையோடு நிற்கும் அவர்களின் முகங்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஒரு சனிக்கிழமை வகுப்பைத் தவறவிட்டதால் பரீட்சை கைநழுவிப் போய்விடாது.

உங்கள் கடிதத்தில் என் கண் தரித்து நின்றது வேறொரு வரியில். "மனைவி இரண்டு நாளும் இடியப்பம், சொதி, மீன்குழம்பு என்று வாய்க்கு ருசியாகச் செய்து தந்தார்" என்று நன்றியோடுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த இடியப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். மாவில் கொதிநீரை ஊற்றினால் கை வைக்க முடியாத சூடாக இருக்கும். அகப்பைக் காம்பால் கிளறிக் குழைத்து, சூடு ஆறுவதற்குள் இடியப்ப உரலில் இட்டுப் பிழியவேண்டும், ஆறிவிட்டால் மா இறுகி, எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. நான்கு பேருக்கு இருபதோ இருபத்தைந்தோ பிழிந்து முடிக்கும்போது மணிக்கட்டிலிருந்து தோள் வரை வலி ஏறும். இதற்கிடையில் தேங்காய் உடைத்துத் துருவி, முதற்பாலையும் இரண்டாம் பாலையும் வேறாகப் பிழிந்து வைத்து, முதற்பால் விட்டபின் சொதி திரைந்து போகாமல் அடுப்பை விட்டு நகராமல் நிற்கவேண்டும். பிறகு மீனுக்குச் செதில் சீவ வேண்டும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் இந்த நாள்களில், சமையலறைக்குள் இதையெல்லாம் காலையிலும் மதியத்திலும் செய்த ஒருவர் எப்போது தூங்கினார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

நான் பாடசாலைக்குப் போன காலத்தில், 1966 முதல் 1971 வரை, இந்த நாட்டில் சனி ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை. பௌர்ணமி, அமாவாசை, இரண்டு அரைநிலா என்று அப்போது மாதத்துக்கு நான்காக வந்த போயா நாளும் அதற்கு முந்திய நாளும் விடுமுறை. சந்திரனைப் பின்பற்றியதால் வேலைநாள்களின் எண்ணிக்கை கிழமைக்குக் கிழமை மாறும். வெளிநாட்டு வர்த்தகத்தோடு நாள்கள் பொருந்தாமல் போனதால் பழைய முறைக்குத் திரும்பினார்கள். நாட்காட்டி அப்படித் தலைகீழாக மாறியபோதும், திரும்ப மாறியபோதும், எங்கள் அம்மாவுக்கு ஒரு நாள்கூட மாறவில்லை. அப்பா வீட்டில் நின்ற நாள்களில் அடுப்பு கூடுதலாக ஒரு முறை எரிந்தது, அவ்வளவுதான். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்களைப் போன்றவர்களுக்கு நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி வேலை என்றும், கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை என்றும் வரையறுத்து வைத்திருக்கிறது. நிறுவனங்கள் அதை மீறுகின்றன என்பது வேறு விடயம். மீறப்படுவதற்கேனும் ஒரு வரம்பு உங்களுக்கு இருக்கிறது. வீட்டில் சமைப்பவருக்கு அந்த வரம்பை வீட்டில் இருப்பவர்கள்தான் போட்டுக்கொடுக்கவேண்டும்.

ஆகவே அடுத்த முறையும் எங்கும் போகாதீர்கள். சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள். ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவால் வருகிற பாண் ஓட்டோவை மறித்துப் பாண் வாங்குங்கள். தேங்காயை நீங்கள் துருவுங்கள், மகன் வெங்காயம் உரிக்கட்டும், சம்பலுக்கு உப்பும் புளியும் சற்று முன்பின் ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவேண்டாம். மதியத்துக்குச் சோறும் பருப்பும் ஒரு முருங்கையிலை வறையும் போதும். உடுப்பு மடிப்பதை மகளிடம் கொடுங்கள். "இன்றைக்கு உனக்கு உதவி செய்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் வேலை அவருடையதாகவே இருந்துவிடும், என்ன செய்வது, எதை எங்கே வைப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பும் அவர் தலையில் விழும். காலையும் மதியமும் முழுதாக உங்கள் கையில் இருக்கட்டும்.

இதில் நான் ஊகித்து எழுதியதும் இருக்கிறது. இடியப்பம் பிழிவது உங்கள் மனைவிக்கு விருப்பமான காரியமாகவும் இருக்கக்கூடும். இருந்தால் அதைத் தடுக்கவேண்டியதில்லை. அந்தச் சனி ஞாயிறு தனக்கு எப்படிப் போனது என்று அவரிடமே கேளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அவர் விரும்பினால் தன் பதிலை எனக்கு எழுதட்டும். ஒரு வரியும் வெட்டாமல் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்.