பென் டிஸ்பிளேயும் சுங்குடிப் புள்ளியும்

அன்புள்ள அக்கா,

நான் மதுரை முனிச்சாலைப் பக்கம் இருக்கிறேன். அம்மா இருபது வருடமாகச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறார். நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளுக்கு டிசைன் செய்து கொடுக்கிறேன், எல்லாம் மவுஸில்தான். பாட்டி காலத்துச் சேலைகளைப் போட்டோ எடுத்து, அதன் மேலேயே வரைந்து பழைய டிசைன்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்க ஆசை. சீட்டு எடுத்ததில் 25,000 ரூபாய் இருக்கிறது. திரை இல்லாத பென் டேப்லெட்டே போதும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். ஆனால் தெரிந்தவர் ஒருவர், தான் பயன்படுத்திய 16 இன்ச் பென் டிஸ்பிளேயை (திரை மேலேயே பேனாவால் வரைகிற வகை) 15,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

ஜி., மதுரை

அன்புள்ள தம்பி,

புதிதாக வரைய வருகிறவர்களுக்கு இப்போதும் அதைத்தான் சொல்வேன். திரை இல்லாத டேப்லெட் சில ஆயிரத்தில் கிடைக்கும். கை மேஜையில், கண் மானிட்டரில் என்ற பழக்கம் கொஞ்ச நாளில் வந்துவிடும். ஆனால் உங்கள் வேலை வேறு. நீங்கள் படி எடுக்கப் போகிறீர்கள்.

ஒருமுறை சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிற ஓர் அம்மாவின் அருகே அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். இடது கை நகத்தால் துணியைக் கடுகளவு கிள்ளித் தூக்குவார், வலது கை நூலைச் சுற்றி இறுக்கும், உடனே அடுத்த புள்ளி. என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் விரல் நுனியை விட்டு நகரவே இல்லை. அப்படி விழுகிற புள்ளி சுத்த வட்டமாக இருக்காது. கொஞ்சம் சதுரம், ஓரத்தில் சாயக் கசிவு, நடுவில் ஒரு சின்னப் பொட்டு. ஒரு புள்ளி போல இன்னொன்று இல்லை. மவுஸில் ஒரு வட்டம் போட்டு அதையே ஆயிரம் தடவை காப்பி செய்தால் பாட்டியின் சேலை அதில் இருக்காது. ஒவ்வொரு புள்ளியையும் அதன் ஓரம் பார்த்து வரைய, பேனா முனையும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அதனால் உங்களுக்குப் பென் டிஸ்பிளேதான் சரி.

ஆனால் பணத்தைக் கொடுக்கும் முன் உங்கள் லேப்டாப்பைப் பாருங்கள். பென் டிஸ்பிளே தனியாக இயங்காது, அது வரையக்கூடிய ஒரு மானிட்டர், அவ்வளவுதான். எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் கவலை இல்லை. டைப்-சி மட்டும் இருந்தால் அது படத்தை வெளியே அனுப்புமா என்று கேளுங்கள். பல லேப்டாப்களில் அந்த ஓட்டை சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். நான் முதலில் வாங்கியபோது, "எல்லா டைப்-சியும் ஒண்ணுதான்" என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். வீட்டில் திரை கருப்பாகவே நின்றது. திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள். வேறு லேப்டாப் கிடைக்கும்வரை மூன்று வாரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. ரேம் 4 ஜிபி என்றால், மிச்சமாகும் 10,000 ரூபாயில் முதலில் அதைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். பெரிய படத்தில் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தால் வரையும் ஆசையே போய்விடும்.

உங்கள் லேப்டாப்பையும் ஓர் அடிஸ்கேலையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். இணைத்து, ஸ்கேலைத் திரையில் குறுக்காக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். வேகமாக இழுத்தால் எல்லா டேப்லெட்டும் நேர்கோடு போடும். மெதுவாக இழுக்கும்போது கோடு பாம்பாக நெளிந்தால் நுணுக்க வேலைக்கு அது ஆகாது. நான்கு மூலைகளிலும் இழுத்துப் பாருங்கள்.

அடுத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இருக்கிற இடைவெளி. தொட்டித் தண்ணீருக்குள் கிடக்கும் காசு, தலையைச் சாய்த்தால் இடம் மாறித் தெரியும் இல்லையா? பழைய மாடல்களில் பேனா முனைக்கும் கோட்டுக்கும் நடுவே அதே விலகல் இருக்கும். ஃபுல் லாமினேஷன் செய்த, அதாவது கண்ணாடியை இடைவெளி இல்லாமல் ஒட்டிய திரையில் இது மிகக் குறைவு. காலிபரேட் செய்தபின்னும், அதாவது முனையும் கோடும் ஒரே இடத்தில் விழும்படி சரிசெய்தபின்னும், தலையை அசைத்தால் முனை விலகித் தெரிகிறதென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பத்தாயிரத்துக்குத் தந்தாலும்.

பேனாவும் கேபிளும் அதற்கே உரியவையா என்றும் பாருங்கள். ஒரு கம்பெனியின் பேனா பொதுவாக இன்னொன்றில் எழுதாது.

பேனாவை அழுத்துவதை எத்தனை படியாகப் பிரித்து உணரும் என்பதற்கு 8192 அழுத்த நிலையா, 16384-ஆ என்று விளம்பரம் செய்வார்கள், அதில் மயங்க வேண்டாம். எவ்வளவு லேசாகத் தொட்டாலே கோடு விழத் தொடங்குகிறது என்பதுதான் கைக்குத் தெரியும். வண்ணத் துல்லியத்துக்கும் நீங்கள் பணம் கொட்டத் தேவையில்லை. அச்சுச் சட்டம் செய்யப் பட்டறைக்கு நீங்கள் கொடுப்பது நிறத்துக்கு ஒன்றாகக் கருப்பு ஃபிலிம். சிவப்பு எந்தச் சிவப்பு என்பதைச் சாயம் கலக்குகிறவர் முடிவு செய்கிறார். உங்களுக்கு வேண்டியது கோடு.

வரைய கிருதா (Krita) என்ற மென்பொருள் போதும், இலவசம். ஒரு நிறத்துக்கு ஒரு லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி) என்று முதல் நாளே வைத்துக்கொண்டால் ஃபிலிம் எடுக்கும்போது சிரமம் இல்லை. அதில் W எழுத்தை அழுத்தினால் ஒரே கட்டம் நாலாபக்கமும் தொடர்ந்து விரியும். வலது ஓரத்தில் வெளியேறிய கொடி இடது ஓரத்தில் நுழையும். பார்டர் ஒட்டுப் போட்டது தெரியாமல் சேர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தப் பேனாக்களில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. திரைக்கு அடியில் இருக்கும் பலகை மின்காந்த அலையை அனுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. அதனாலேயே பக்கத்தில் மட்டமான மொபைல் சார்ஜர் ஓடினால் கோடு நடுங்கலாம். டேப்லெட் கெட்டுவிட்டது என்று பயப்படாமல் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள். அப்புறம், பேனா முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி ஆகும். நகத்தால் தடவினால் விளிம்பு தட்டுப்படும், அன்றே மாற்றுங்கள், இல்லையென்றால் திரை மேல் ஒட்டியிருக்கும் ஃபிலிமைக் கீறிவிடும். சித்திரை, வைகாசியில் திரைச் சூடும் உள்ளங்கை வியர்வையும் சேர்ந்து கை ஒட்டும். சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மூடுகிற காட்டன் கையுறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைப் படுக்க வைத்து அதன் மேல் குனியாதீர்கள். கழுத்து வலியோடு வேலை செய்வது என்ன என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

டேப்லெட் வரும்வரை காத்திருக்காமல் போட்டோ வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். சேலையைத் தரையில் சுருக்கம் இல்லாமல் விரித்து, காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலேயிருந்து எடுங்கள். அடிஸ்கேலை ஓரத்தில் வைத்து எடுத்தால் புள்ளியின் உண்மையான அளவு தொலையாது. மடிப்பு விழுந்த இடங்களை முதலில் எடுங்கள். பழைய பருத்தி அங்கேதான் முதலில் இற்றுப் போகும்.