சம்பந்தி வீடு ஜெயின், அம்மா வீடு காசிமேடு: ஐந்து நாள் சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: நான் சென்னை காசிமேட்டுப் பெண். நைனா விசைப்படகு வைத்திருக்கிறார். கல்யாணமாகி அகமதாபாத்தில் இருக்கிறேன், கணவர் குஜராத்தி ஜெயின். வரும் மே மாதம் என் மாமனாரும் மாமியாரும் முதல்முறையாகக் காசிமேட்டில் எங்கள் அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து நாள் தங்கப் போகிறார்கள். அமாவாசை மாதிரி விரத நாள் போக, எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் கிடையாது. அதே தெருவில் அத்தை, பெரியம்மா, மாமா வீடுகள் வேறு, எல்லோரும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்தால் போதுமா? ஐந்து நாளும் மீனை நிறுத்தச் சொன்னால் அம்மாவுக்கு மனசு கஷ்டப்படும். என்ன செய்யலாம்?

பதில்: வெங்காயம், பூண்டைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். அமாவாசைக்கு அவை இல்லாமல் சமைத்துப் பழகிய கை உங்கள் அம்மாவுடையது. உங்களைத் திண்டாட வைக்கப்போவது நேரம்தான். சௌகார்பேட்டையில் ஜெயின் கல்யாணங்களுக்கும், ராயபுரம், வண்ணாரப்பேட்டையில் நம்மவர் கல்யாணங்களுக்கும் சமையல் எடுத்து நடத்துகிறவன் நான். மனஸ்தாபம் வந்த இடங்களை யோசித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் பந்தி தாமதமானதால் வந்ததுதான்.

நியமமாக இருக்கும் ஜெயின்கள் சூரியன் மறைந்தபின் சாப்பிட மாட்டார்கள். சிலர் தண்ணீரும் குடிப்பதில்லை. மே மாத நடுவில் அகமதாபாத்தில் சூரியன் மறைய ஏழேகால் ஆகும். சென்னையில் ஆறரைக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அவர்கள் ஊர்ப் பழக்கத்தில் ஏழு மணிக்குச் சாப்பிடலாம் என்று நினைத்திருப்பார்கள், உங்கள் வீட்டிலோ ஒன்பதுக்கு முன்னால் உலை வைக்க மாட்டார்கள். ஆகவே ஐந்தரைக்கு இலை போட்டுவிடுங்கள். வீட்டில் மற்றவர்களும் அந்த நேரத்தில் ஒரு தோசையாவது எடுத்துக்கொண்டு கூட உட்காரட்டும். விருந்தாளியை மட்டும் உட்காரவைத்து மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தால், எவ்வளவு ருசியாகச் சமைத்தாலும் அவர்களுக்கு இறங்காது. காலையிலும் பலர் சூரியன் உதித்து 48 நிமிடம் கழித்துத்தான் வாயில் எதையும் வைப்பார்கள். ஆறு மணிக்கு ஆசையாக நீட்டிய காபியை மறுத்துவிட்டார்களே என்று அம்மா வருத்தப்படாமல் இருக்க, இதை முன்பே சொல்லிவையுங்கள்.

அடுத்தது, மண்ணுக்கடியில் விளைவது. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முள்ளங்கி, சேனை, கருணை, சேப்பங்கிழங்கு எதுவும் ஆகாது. பச்சை இஞ்சி, பச்சை மஞ்சள் கிடையாது. காய்ந்த சுக்கும் மஞ்சள் தூளும் பெரும்பாலோர் சேர்த்துக்கொள்கிறார்கள். வேர்க்கடலை மண்ணுக்குள் விளைந்தாலும் தடையில்லை, கிழங்கு மாதிரி இல்லாமல் அது விதை. அமாவாசைச் சமையல் அப்படியே இங்கே பொருந்திவிடும் என்று நினைத்தால் இடறுவது இங்கேதான், அதில் சேப்பங்கிழங்கு வறுவலும் இஞ்சியும் வழக்கமாக வந்துவிடும். அவற்றை எடுத்துவிட்டு வாழைக்காய், பூசணி, புடலை, அவரை, வெண்டை, பீர்க்கன், சுரை, முருங்கைக்காய் என்று போனால் ஐந்து நாளும் ஒரு காய் திரும்ப வராமல் சமைக்கலாம். கத்தரிக்காயும் காளானும் வேண்டாம், பலர் தொடுவதில்லை. தேனும் அப்படித்தான். கொத்தமல்லியை வேரைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சேருங்கள். பெருங்காயம் தாராளமாகப் போடலாம், அவர்கள் வீட்டிலும் பூண்டு இல்லாத குறையை அதுதான் தீர்க்கிறது. சாம்பார் பொடி, ரசப்பொடி, ஊறுகாய் மூன்றிலும் பூண்டு ஒளிந்திருக்கும், பார்த்து எடுங்கள்.

பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது தயிர். பருப்பு வகையோடு காய்ச்சாத தயிரோ மோரோ சேர்வதை நியமக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. தயிர் வடை செய்துவிடாதீர்கள். சாம்பார் சாதம் சாப்பிட்ட அதே இலையில் தயிர் சாதம் போட்டால்கூட சிலர் தயங்குவார்கள். தயிருக்குத் தனிக் கிண்ணம் வைத்து, கை கழுவிவர ஒரு நிமிடம் விட்டால் போதும்.

இட்லி விஷயத்தில் ஜெயின்களிலேயே இரண்டு கட்சி உண்டு. இரவெல்லாம் புளித்த மாவு என்பதால் சிலர் வேண்டாம் என்பார்கள், பலர் மூன்று இட்லி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். உங்கள் மாமியார் எந்தக் கட்சி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், ரவா கிச்சடி, அன்றைக்கே ஊறவைத்து அரைத்த அடை என்று போய்விடலாம். முந்தைய நாள் மிச்சம் எதையும் அவர்களுக்குச் சூடு பண்ணிக் கொடுக்க வேண்டாம். குடிக்கிற தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி வைத்தால் அவர்களுக்குக் கேட்கும் சங்கடம் மிச்சம். டீயில் இஞ்சிக்குப் பதில் ஏலக்காய்.

மே மாதமாக அமைந்தது நல்லதாயிற்று. ஆடி வாக்கில் சாதுர்மாஸம் என்கிற நான்கு மாத மழைக்கால நோன்பு தொடங்கிவிட்டால் கீரையும் போய்விடும், நியமம் இன்னும் இறுகும். இப்போதும் தினசரி காலண்டரில் அஷ்டமி, சதுர்த்தசி எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். அந்தத் திதிகளில் பலர் பச்சைக் காய்கறியையே விட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பருப்பு, புளி கரைத்து ஊற்றிய மிளகு ரசம், அப்பளம் என்று எளிமையாக முடித்துக்கொள்ளலாம்.

இப்போது மீன். ஐந்து நாளும் உங்கள் வீட்டையே சைவமாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அது உங்கள் நைனாவின் தொழில், அதை ஒளித்துவைத்தால் தன் தொழிலுக்கு மகள் வெட்கப்படுகிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். நான் சொல்லும் ஏற்பாடு இது: வந்து இறங்கும் அன்றும் கிளம்பும் அன்றும் எல்லோருக்கும் ஒரே சமையல். நடுவில் இருக்கும் நாட்களில் உங்கள் வீட்டு அடுப்பில் சைவம் மட்டும், மீன் அத்தை வீட்டு அடுப்பில். சாப்பிட நினைப்பவர்கள் ராத்திரி அங்கே போய்ச் சாப்பிட்டு வரட்டும். மாடியில் காயும் கருவாட்டையும் அதுவரை அங்கேயே அனுப்பிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நைனாவும் வீட்டில்தான் இருப்பார், அதுவே உங்களுக்குச் சாதகம். சம்பந்தியைக் கரையில் நிற்கும் படகுக்கு அழைத்துப்போய் எஞ்சினையும் வலையையும் காட்டட்டும், கடலில் திசை பார்க்கும் கதை சொல்லட்டும். மீன் ஏலம் நடக்கும் பக்கம் மட்டும் போக வேண்டாம். தொழிலை மதிக்கவைக்க வழி இருக்கிறது, ரத்தத்தைக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

பாத்திரம் முக்கியம். ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், இரண்டு கரண்டி, ஒரு கத்தி, ஒரு வெட்டுப்பலகை புதிதாக வாங்குங்கள். மிக்ஸி ஜாரும் தனியாக ஒன்று, பூண்டு வாசனை அதை விட்டுப் போகவே போகாது. சாப்பிடும் தட்டுக்கு வாழை இலை போட்டால் இதில் முன்னால் என்ன வைத்தார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. வாங்கிய புதுச் சாமான்களை மாமியார் கண்ணில் படும்படி வையுங்கள். கேட்க நினைத்துக் கேட்காமல் இருப்பதற்கு அதுவே பதில்.

பரிமாறும்போது ஒன்று. கேட்காமல் இலையில் கொட்டுவது நம் அன்பு. அவர்களுக்குத் தட்டில் மிச்சம் வைப்பது பாவம், சாப்பிட்ட தட்டைக் கழுவி அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் போட்டதை முடிக்க முடியாமல் மாமனார் திணறுவார். கொஞ்சமாக வைத்து, கேட்டுக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தெருவில் உள்ள மற்ற வீடுகள்தான் உங்களுக்குப் பெரிய வேலை. அத்தனை பேரும் சமையல் கற்றுக்கொள்ள முடியாது, வெறும் கையோடு அனுப்பவும் மனசு வராது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றைப் பிரித்துக் கொடுங்கள்: ஒரு வீட்டில் இளநீர், ஒரு வீட்டில் நுங்கு, ஒரு வீட்டில் மாம்பழம், பெரியம்மா வீட்டில் ஏலக்காய் டீ. சௌகார்பேட்டைக் கடைகளில் ஜெயின் முறையில் செய்த கக்ரா (அப்பளம் மாதிரி மொறுமொறுப்பான சப்பாத்தி), சேவ் கிடைக்கும், அதிலும் சிலது வாங்கி வீட்டுக்கு வீடு வைத்துவிடுங்கள். எல்லாமே பொழுது இருக்கும்போதே. இன்னொன்றையும் மெல்லச் சொல்லிவைப்பது நல்லது. உங்கள் கணவர் இங்கே வந்தபோது வஞ்சிர வறுவல் ருசி பார்த்தவராக இருந்தால், அதை யாராவது மாமா சந்தோஷத்தில் போட்டு உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு, பந்தியில் அவிழ்க்கிற விஷயமில்லை.

அம்மாவின் மனக்கஷ்டத்துக்கும் மருந்து வேண்டும் அல்லவா? ஒரு மத்தியானம் சமையலறையை மாமியாரிடம் விடுங்கள். அவர் பருப்பில் வெல்லம் போடுவார், 'என்னா இது, சாம்பார்ல இனிப்பு?' என்று யாரும் கேட்கக் கூடாது. அம்மா பக்கத்தில் நின்று சப்பாத்தி தேய்க்கட்டும், பதிலுக்கு அவருக்கு ரசம் கூட்டிக் காட்டட்டும். நடுவில் மொழிபெயர்க்க நீங்கள் ஓடாதீர்கள். பாஷை தெரியாமலே இரண்டு பேரும் சமையல் முடிப்பதைப் பார்ப்பீர்கள்.

நடுவில் ஒரு நாள் அவர்களைப் புழலில் உள்ள ஆதிநாதர் கோயிலுக்கு அழைத்துப் போங்கள். அந்தப் பொழுது அவர்களுக்கும் தங்கள் ஊரில் இருப்பது போல இருக்கும், உங்கள் அம்மாவுக்கும் ஒரு நாள் அடுப்பிலிருந்து ஓய்வு.

திரும்பிப் போகும் ரயிலுக்கு அம்மா புளிசாதம் கட்ட நினைப்பார். முதல் நாள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் அளவுக்கு மட்டும் கட்டச் சொல்லுங்கள், ராத்தங்கிய சோற்றை மறுநாள் அவர்கள் தொட மாட்டார்கள். அதற்கு மேல் முறுக்கு, கடலை உருண்டை, பொரி உருண்டை. தட்டை வைப்பதானால் பூண்டு தட்டிப் போடாமல் சுடச் சொல்லுங்கள்.