ஐந்து மாதிரிகளும் ஒரு முகமும்

கேள்வி: நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன், வயது 26. என் முகம் எண்ணெய்ப் பசை மிகுந்தது. பரு வந்து போன இடங்களில் கருமை தங்கிவிடுகிறது. நியூ ஜெர்சியில் வசிக்கும் என் பெரியம்மா மகள் மாதந்தோறும் அழகுப் பொருள் மாதிரிகள் வரும் ‘இப்சி’ பை வாங்கிப் பயன்படுத்துகிறார்; அதைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்கிறார். இங்கேயும் அதுபோன்ற சந்தாவில் சேர நினைத்து மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, மாதம் 599 ரூபாய்க்கு நிறுவனமே தேர்ந்தெடுத்து அனுப்பும் ஐந்து மாதிரிகள். இரண்டாவது, நாமே ஆறு மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. கட்டிய பணத்தைப் பிறகு முழு அளவுப் பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்வார்களாம். மூன்றாவது, ஆண்டுக்கு 9,600 ரூபாயை மொத்தமாகக் கட்டினால் மாதந்தோறும் முழு அளவுப் பொருள்கள் வரும் பெட்டி. மூன்றிலும் ‘மதிப்பு 2,000 ரூபாய்க்கு மேல்’ என்று போட்டிருக்கிறார்கள். அம்மா வீண் செலவு என்கிறார். எதில் சேரலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதையும் மாதந்தோறும் வாங்காமல், கையில் இருப்பவை தீர்ந்த பிறகு மட்டும் வாங்குங்கள். முதலாவது, ஒப்பனையில் ஆசை உள்ளவர்களுக்கு ஏற்றது. உங்கள் முகப் பருவுக்கும் கருமைக்கும் அதனால் பயன் இல்லை. மூன்றாவதில் இப்போது சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பெட்டிகள் எதற்காகத் தோன்றின என்பதை அறிந்தால் அவற்றை ஒப்பிடுவது எளிதாகும். 2010-ஆம் ஆண்டில், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் உடன் படித்த கேட்டியா போஷாம்ப், ஹேலி பார்னா ஆகிய இரு பெண்கள் நியூயார்க்கில் ‘பர்ச்பாக்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மாதம் 10 டாலருக்குச் சில மாதிரிகளை வீட்டுக்கு அனுப்புவது அவர்களுடைய ஏற்பாடு. கடையில் கையில் தடவிப் பார்த்து வாங்கும் பொருளை இணையத்தில் எப்படி விற்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடை அது: மாதிரியை வீட்டில் பயன்படுத்திப் பார்த்துப் பிடித்தவர், முழு அளவை அவர்களிடமே வாங்குவார். மறு ஆண்டு, யூடியூபில் ஒப்பனை கற்றுக்கொடுத்துப் புகழ்பெற்ற மிஷல் ஃபானும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய நிறுவனமே உங்கள் அக்கா வாங்கும் இப்சி. தோல் நிறம், தோல் வகை, விருப்பங்கள் ஆகியவற்றைக் கேட்டு, அதற்கேற்பப் பையை நிரப்புவது அதன் சிறப்பு. முழு அளவுப் பொருள்களை அனுப்பிய ‘பாக்ஸிசார்ம்’ நிறுவனத்தை 2020-இல் இப்சியே வாங்கிக்கொண்டது. இந்தியாவில் 2012-ஐ ஒட்டித் தொடங்கிய ‘ஃபேப் பேக்’ முதல் வகையைச் சேர்ந்தது. மாதிரிகளை நாமே தேர்ந்தெடுக்கும் வகையில் பெயர்பெற்றது ‘ஸ்மிட்டன்’. ஆக, எந்தப் பெட்டியானாலும் அதற்குள் இருக்கும் சின்னக் குப்பி, பெரிய குப்பியை வாங்க வைப்பதற்கான விதை. அதில் தவறு ஏதும் இல்லை. உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளும் ஒன்றை அந்த விதை காட்டித் தருகிறதா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

‘மதிப்பு 2,000 ரூபாய்’ என்ற வரியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாதீர்கள். 50 மில்லி கிரீமின் எம்.ஆர்.பி. 1,500 ரூபாய் என்றால், 5 மில்லி மாதிரிக்கு 150 ரூபாய் என்று போட்டுக் கூட்டிச் சொல்லும் தொகை அது. அதே கிரீம் தள்ளுபடியில் 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் நாளில் அந்த மாதிரியின் மதிப்பு 100 ரூபாய்தான். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் மேசை இழுப்பறையில் கிடந்தால் அதன் மதிப்பு பூஜ்யம். நான் ஒப்பிடும் முறை வேறு: மூன்று மாதங்களில் கட்டிய பணத்தை, அந்த மூன்று மாதங்களில் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தித் தீர்த்த பொருள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 599 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்கு 1,797 ரூபாய். வந்த பதினைந்தில் மூன்றை மட்டும் தீர்த்திருந்தால், ஒரு மாதிரிக்கு நீங்கள் கொடுத்தது 599 ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல சன்ஸ்கிரீன் ஒன்றை முழு அளவிலேயே வாங்கியிருக்கலாம்.

வந்தவற்றைப் பலர் தீர்க்காமல் விடுவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. பெட்டியின் வேகமும் தோலின் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. பெட்டி மாதத்துக்கு ஐந்து புதிய பொருள்களைக் கொண்டுவருகிறது. தோலோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சோதிக்க இடம் தரும். புதிய பொருள் எதையும் முகத்தில் தடவுவதற்கு முன், முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சிறிய இடத்தில் நாளுக்கு இரு முறை வீதம் ஏழு முதல் பத்து நாள்கள் தடவிப் பார்க்கும்படி அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. ஒவ்வாமை தடவிய உடனே தெரிந்துவிடுவதில்லை. ஓரிரு நாள்கள் கழித்தே சிவப்பும் அரிப்பும் தோன்றுவது உண்டு. பருவுக்கான பொருள் பலன் தருகிறதா என்று சொல்ல ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டும். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினால் போன்றவற்றுக்கு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். ஐந்தையும் ஒரே வாரத்தில் பிரித்து மாற்றி மாற்றித் தடவினால், முகம் பொலிந்தாலும் எதனால் என்று தெரியாது. கொப்பளித்தாலும் எதனால் என்று தெரியாது.

உங்கள் விஷயத்தில் இது இன்னும் கவனத்துக்குரியது. நம்மைப் போன்ற மாநிறமும் கருமையும் கொண்ட தோலில், எரிச்சல் தணிந்த பிறகும் அந்த இடத்தில் கருமை தங்கிவிடும். என் தங்கை மகளுக்கு ஒரு பையில் தோலின் மேல் அடுக்கை உரிக்கும் கிளைகாலிக் அமிலம் கலந்த சீரம் (சொட்டுச் சொட்டாகத் தடவும் செறிவான திரவம்) மாதிரி வந்தது. சோதித்துப் பார்க்காமல் மூன்று இரவுகள் தொடர்ந்து தடவினாள். தோல் உரிந்தது ஒரு வாரம், கன்னத்தில் தங்கிய கருமை நான்கு மாதங்கள். கல்லூரிக்குப் போகும் பெண், அந்த நான்கு மாதங்களும் புகைப்படம் எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டாள். அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நிறுவனமே தேர்ந்தெடுத்து அனுப்பும் பையில் இப்படிப்பட்ட வீரியமான பொருள் எந்த மாதமும் வரலாம். சின்னக் குப்பிகள் பலவற்றில் மூலப்பொருள் பட்டியல் முழுமையாக இருப்பதில்லை. அப்படிப்பட்டதைத் திறப்பதற்கு முன், அதே பொருளின் முழு அளவுப் பொதியில் உள்ள பட்டியலை இணையத்தில் தேடிப் படித்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. மாதிரி என்றால் எல்லாம் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் பிதுக்கித் தடவ வேண்டும்; அது ஏறத்தாழ ஒரு கிராம். ஆகவே 10 கிராம் குழாய் பத்து நாள்கள் வரும். வெள்ளைப் படிவு விழுகிறதா, வியர்வையில் கண்ணுக்குள் வழிந்து எரிகிறதா, மாலையில் முகம் பிசுபிசுக்கிறதா என்று அறிய அது போதும். 5 மில்லி சீரத்தை இரவுக்கு ஐந்து சொட்டு வீதம் பயன்படுத்தினால் இருபது நாள்கள் வரும். ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும், கருமை குறைகிறதா என்று தெரியாது. 2 மில்லி சாஷேயில் வரும் மாய்ஸ்சரைசர் இரண்டு அல்லது மூன்று வேளைக்குத்தான். அதன் மணம் பிடிக்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது. இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது எத்தனை பொருள்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி என்று பாருங்கள். ஆறு சாஷேக்களைவிட இரண்டு 10 மில்லி குழாய்கள் மேல்.

இதற்கு நேர்மாறானவை ஒப்பனைப் பொருள்கள். லிப்ஸ்டிக் நிறம் பொருந்துகிறதா, கண் மை கரைந்து வழிகிறதா, வாசனைத் திரவியம் தலைவலி தருகிறதா என்பவை ஒரே நாளில் தெரிந்துவிடும். மஸ்காராவைத் திறந்த மூன்று மாதங்களுக்குள் மாற்றிவிடுவது கண்ணுக்கு நல்லது என்பதால், அதில் சிறிய குழாய் வாங்குவதே புத்திசாலித்தனம். இவற்றில் ஆர்வமுள்ள ஒருவருக்கு முதலாவது வகைப் பை நியாயமான மகிழ்ச்சியைத் தரும். பிரித்துப் பார்க்கும் அந்த ஆவலும் ஒரு பயன்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பவுண்டேஷனை மட்டும் பிறர் தேர்வுக்கு விடாதீர்கள். அதைத் தாடை ஓரத்தில் தடவிப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் நிறம் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது பெட்டியை நான் மறுப்பதற்குக் காரணங்கள் இரண்டு. முழு அளவுப் பொருள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வீணாவது ஒரு முழுக் குப்பி. குப்பியின் பின்புறம் திறந்த டப்பா போன்ற குறியும் அதனுள் 6எம் அல்லது 12எம் என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்களுக்குள் பயன்படுத்தி முடிக்க வேண்டும் என்று பொருள். மாதம் நான்கைந்து முழு அளவுப் பொருள்கள் வந்தால் ஒரு முகத்தால் அந்தக் கெடுவுக்குள் தீர்க்க இயலாது. இன்னொரு காரணம், ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டுவது. இந்தத் தொழிலில் பெரிய பெயர்களும் நிலைத்ததில்லை. செஃபோரா போன்ற பெருங்கடை 2015-இல் தொடங்கிய மாதாந்திரப் பெட்டியை 2020-இல் நிறுத்தியது. வழிகாட்டியான பர்ச்பாக்ஸே 2021-இல் 4.5 கோடி டாலருக்குக் கைமாறியது. நாளை என்ன ஆகும் என்று எவரும் உறுதி சொல்ல இயலாத இடத்தில் 9,600 ரூபாயை முடக்காதீர்கள்.

சேரும்போது நிரப்பச் சொல்லும் கேள்விப் பட்டியலையும் கொஞ்சம் யோசித்து நிரப்புங்கள். ஃபேப் பேக்கை நடத்திய வினீதா சிங், கௌஷிக் முகர்ஜி இருவரும், அந்தச் சந்தாதாரர்களின் விருப்பங்களிலிருந்து கற்றுக்கொண்டுதான் ‘சுகர்’ என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தை வளர்த்தார்கள். உங்கள் விடைகளுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. தோல் வகை, நிறம், ஒவ்வாமை ஆகியவற்றை மெய்யாகச் சொல்லுங்கள். பிறந்த தேதி, வருமானம் போன்றவை கட்டாயமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

மாதச் சந்தாவில் சேர்ந்தால் பணம் தானாகக் கழியும். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து இவ்வாறு பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக உங்களுக்கு வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும். அந்தத் தவணையை மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. யுபிஐ ஆட்டோபே வழியாகக் கட்டினால், செயலியிலேயே அந்த ஒப்புதலை நீங்கள் ரத்துசெய்யலாம். சேரும் பொத்தானைப் பெரிதாகவும் விலகும் பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாமலும் வைப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளில் ‘சந்தாப் பொறி’ என்று தடைசெய்யப்பட்டிருக்கிறது. விலக விடாமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே விலகும் வழியைத் தேடிப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

உங்கள் அக்காவின் அனுபவம் உண்மையானதுதான். ஆனால் அது நியூ ஜெர்சியின் அனுபவம். பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டின் வறட்சிக்கு இதமான கெட்டிக் கிரீம், கோவையின் ஏப்ரல் வெயிலில் எண்ணெய் வழியும் உங்கள் முகத்தில் துளைகளை அடைக்கலாம். அவர் புகழும் பொருளின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்.

அம்மா சொல்வதையும் ஒரு பக்கம் நியாயமாகவே பார்க்கிறேன். மாதிரி பார்த்து வாங்குவது அவர் தலைமுறைக்குப் புதிதில்லை. கடலூரில் பிறந்த சாஷே ஷாம்புகள், 1983-இல் தொடங்கிய சிக் உட்பட, பெட்டிக் கடையில் சரம் சரமாகத் தொங்கின. ஒன்றை வாங்கித் தலைக்குத் தேய்த்துப் பார்ப்பார்கள், பிடித்தால் மறுபடி வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் அத்தோடு முடிந்தது. தீராமல் கிடப்பதையும், கேட்காமலே மறு மாதம் வந்து சேர்வதையும்தான் அவர் வீண் என்கிறார் என்று நினைக்கிறேன். இரண்டாவது முறையில் அந்த இரண்டு குறையும் இல்லை. பணத்தைக் கழித்துக்கொள்ளும் சலுகைக்கு மட்டும் காலக்கெடு, குறைந்தபட்சக் கொள்முதல் போன்ற நிபந்தனைகள் உண்டா என்று படித்துவிடுங்கள். கழிவு கிடைக்கிறது என்பதற்காகவே பெரிய குப்பியை வாங்கிவிடக் கூடாது. பல பிராண்டுகள் மினி அளவுகளைத் தனியாகவும் விற்கின்றன. சந்தாவே இல்லாமல் அவற்றை வாங்குவதும் ஒரு வழி.

பரு தொடர்ந்து வருகிறது என்றால், எந்தப் பெட்டிக்கும் முன்பாக ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அதன் பிறகு முதல் ஆர்டரில் எண்ணெய் கலக்காத சன்ஸ்கிரீன் மூன்று வகை, மென்மையான ஃபேஸ் வாஷ் இரண்டு, லேசான மாய்ஸ்சரைசர் ஒன்று என ஆறை மட்டும் எடுங்கள். வெயில் படப் படக் கருமை ஆழமாகும் என்பதால் சன்ஸ்கிரீனில் தொடங்குங்கள். ஒன்றைத் திறந்த தேதியைக் குழாயின் மேல் எழுதி ஒட்டி, பத்து நாள் முடிந்த பிறகே அடுத்ததைத் திறங்கள். ஆறும் தீர ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். எது ஒத்துக்கொண்டது என்று அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள், கருமைக்கான சீரம் பற்றி அந்தக் கடிதத்துக்குப் பதிலாகச் சொல்கிறேன்.