காசிமேட்டு வலை: மாற்றி வரையத்தான் வேண்டுமா?

தம்பி, அறுந்த வலையும் உடைஞ்ச ஐஸ் பெட்டியும் வெச்சு நீங்க செஞ்சதை "இது கலையே இல்ல, வரைஞ்சு கொண்டு வா"ன்னு கண்காட்சிக் குழு திருப்பி அனுப்பிட்டதா எழுதியிருந்தீங்க. வரையாதீங்க.

1917-ல நியூயார்க்ல ஒரு கண்காட்சி. கட்டணம் கட்டுனா யார் படைப்பும் வைப்போம், நடுவரே கிடையாதுன்னு அறிவிச்சாங்க. அதை நடத்துன குழுவுலயே இருந்த பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப், ஒரு பீங்கான் சிறுநீர்த் தொட்டில "ஆர். மட்"னு பொய்ப் பேர்ல கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அதை மட்டும் வைக்கல. துஷாம்ப் அந்தக் குழுவுல இருந்தே விலகிட்டார். அசல் தொலைஞ்சு போச்சு. போட்டோகிராபர் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த போட்டோ நின்னுச்சு. அதனால பிரிக்கிறதுக்கு முன்னாடி, காலை வெளிச்சத்துல, உங்க படைப்பை எல்லாப் பக்கமும் படம் எடுத்துடுங்க.

ஆனா உங்களுக்கு நெருக்கமானவர் ஜெர்மன் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ்தான். முதல் உலகப் போர் முடிஞ்ச ஜெர்மனியில டிராம் டிக்கெட், கம்பி, மரத்துண்டெல்லாம் பொறுக்கி ஒட்டினார். எதை எங்க வைக்கணும்னு ஓவியன் மாதிரியே பார்த்துப் பார்த்து வெச்சார். நீங்க அனுப்புன போட்டோவுல வலை குவிஞ்சு கிடக்கு, தம்பி. கிழிசல் தெரியுற மாதிரி தொங்க விடுங்க. துவைச்சுடாதீங்க, உப்பு இருக்கட்டும்.

அரங்கு கிடைக்கலைன்னா மீன் ஏலம் முடிஞ்ச பிறகு காசிமேடு துறைமுகத்துலயே வைக்கலாம். அங்க இருக்கறவங்ககிட்ட முதல்ல கேட்டுக்குங்க. நான் தண்டையார்பேட்டைதான், தூக்க ஆள் வேணும்னா வரேன்.