ட்விலைட் ஸோன் ‘த லோன்லி’: அலீசியாவை ஆலன்பி ஏன் சுட்டார்?

எடைதான் காரணம். ட்விலைட் ஸோன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் இந்த எபிசோடில், ரோபோ பெண் அலீசியாவைக் கொண்டுவந்து கொடுத்த விண்கப்பல் கேப்டன் ஆலன்பியே அவளைச் சுடுவது கதையின் ஓட்டையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டை இல்லை. சிறுகோள் ஒன்றில் தனியாகத் தண்டனை அனுபவித்து, மன்னிப்புக் கிடைத்த கைதி கோரியை அழைத்துப்போக வந்த கப்பலில் அவருக்கும் 15 பவுண்டு சாமானுக்கும்தான் இடம். அது 7 கிலோகூட வராது.

கோரி விடுதலைச் சந்தோஷத்தில் துள்ளும்போது எடை பற்றிய வசனம் வந்துபோகிறது, அதனால்தான் தவறவிட்டிருப்பீர்கள். கடைசி ஆறேழு நிமிடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். தன்னிடம் அவ்வளவு சாமான்கூட இல்லையே என்று முதலில் சிரிக்கிறார். அலீசியாவைச் சாமான் கணக்கில் அவர் சேர்க்கவே இல்லை! 1959-இல் வந்த இந்த அரைமணிக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். அவள் வெறும் இயந்திரம்தான் என்று ஆலன்பி வாதாடிப் பார்க்கிறார், கோரி மசியவில்லை, கப்பலோ காத்திருக்காது. எனவே முகத்தில் சுடுகிறார். உள்ளே இருக்கும் கம்பிகளைக் கோரி கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஆனால் கம்பி தெரிந்ததை வைத்து அவளுக்கு உணர்வே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். முன்பு கோரி வெறுத்துத் தள்ளியபோது அவள் அழுத காட்சியையும் சேர்த்துப் பாருங்கள். எபிசோட் அதற்குப் பதில் சொல்லாமலே விடுகிறது.