மூன்று இடத்தில் ஒரு பூர்: ஒரே ஆளா?

வாசகர் கேள்வி: 1896-இல் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடிய பூர், 1899-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கவுண்டி அணிக்காக 304 ரன் அடித்த மேஜர் பூர், போயர் போரில் ராணுவக் காவல் தலைவராக இருந்த பூர், மூவரும் ஒருவர்தானா? குவிஸுக்காகத் தேடுகிறேன், எப்படி உறுதி செய்வது?

ஒருவர்தான், ராபர்ட் பூர். 1866-இல் டப்ளினில் பிறந்தவர், 7-ஆவது ஹுசார் குதிரைப்படை அதிகாரி. உங்களுக்குக் குழப்பம் வந்ததற்குக் காரணம், நீங்கள் அணியின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியதுதான். அந்தக் கால ராணுவ ஆட்டக்காரரைத் தேடும்போது படைப்பிரிவைப் பிடியுங்கள், கிரிக்கெட் அதன் பின்னாலேயே வந்துவிடும். 1890-களின் முதல் பாதியில் பம்பாய் கவர்னர் லார்டு ஹாரிஸுக்கு ஏ.டி.சி. (உடனிருக்கும் ராணுவ உதவியாளர்), அந்த ஹாரிஸே இங்கிலாந்தின் முன்னாள் கேப்டன், அதனால் இந்தியாவில் ஏகப்பட்ட ஆட்டம். பிறகு படைப்பிரிவு தென்னாப்பிரிக்கா போனது, அங்கே இருந்தவரை உள்ளூர்க்காரர்கள் டெஸ்ட் அணியிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தேசியத் தகுதி விதியெல்லாம் அப்போது அவ்வளவு தளர்வு. போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் லோமன் 7 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்து தென்னாப்பிரிக்காவை 30 ரன்னுக்குச் சுருட்டினாரே, அந்தத் தென்னாப்பிரிக்க அணியில் இவரும் இருந்தார், பாவம்.

1899 தான் அவருடைய ஆண்டு. 21 இன்னிங்ஸ், 4 முறை ஆட்டமிழக்கவில்லை, 1551 ரன். 1551-ஐ ஆட்டமிழந்த 17 முறையால் வகுத்துப் பாருங்கள், 91.23 வரும்; அந்தச் சராசரியை இங்கிலாந்து சீசனில் தாண்ட 1930-இல் பிராட்மேன் வர வேண்டியிருந்தது. டான்டனில் சாமர்செட்டுக்கு எதிரான 304-இல் அவரோடு 6-ஆவது விக்கெட்டுக்கு 411 சேர்த்தவரும் ராணுவக்காரரே, கேப்டன் வின்யார்ட். அதே ஆண்டு அக்டோபரில் போயர் போர் மூண்டது, மட்டை ஓரமாகப் போனது, ராணுவக் காவல் தலைவர் வேலை வந்தது.

சரி, உறுதி செய்யும் வழி. ஆட்டத்தின் தேதியை எடுங்கள், அந்த ஆண்டின் ராணுவப் பட்டியலில் அவருடைய பதவியும் படைப்பிரிவும் என்ன என்று பாருங்கள் (ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது), பதவி உயர்வு அறிவிப்பை பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் தேடுங்கள். கெஜட்டில் பெயரோடு படைப்பிரிவும் இருக்கும், ஸ்கோர்கார்டில் முன்னெழுத்தோ பதவியோ மட்டும்தான். அப்புறம் குடும்பத்தையும் ஒரு கை பாருங்கள்: இவருடைய தங்கை நீனா 1901-இல் ஹாமில்டன் கோமகனை மணந்தவர், ஆகவே பிரபுக்கள் வம்சாவளி நூல்களிலும் இந்தக் குடும்பம் சிக்கும்.