ஒரே சிக்கல், இரண்டு ஓடங்கள்: ஸ்டார் டிரெக், பிளேக்ஸ் 7 பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இரண்டும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்கள். அமெரிக்காவின் ஸ்டார் டிரெக் என்றால் நம்பிக்கை, பிரிட்டனின் பிளேக்ஸ் 7 என்றால் கசப்பு என்று எல்லோரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றில் வண்ணச் சட்டை, இன்னொன்றில் இருட்டு. இதைத் தாண்டி என்னதான் வித்தியாசம்?

பதில்: இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சிக்கல் வரும் எபிசோட் ஒன்று இருக்கிறது. அவற்றை அடுத்தடுத்துப் பாருங்கள்.

ஸ்டார் டிரெக்கில் அது 'தி கலிலியோ செவன்', 1967 ஜனவரி 5இல் ஒளிபரப்பானது. தாய்க்கப்பலிலிருந்து ஏழு பேருடன் சென்ற சிறு விண் ஓடம் ஒரு கிரகத்தில் விழுந்துவிடுகிறது. எரிபொருள் போதாது. மேலே எழும்ப வேண்டுமானால் 500 பவுண்டு, அதாவது சுமார் 227 கிலோவைக் குறைக்க வேண்டும் என்கிறார் பொறியாளர் ஸ்காட். மூன்று ஆள் எடை. பொறுப்பில் இருக்கும் ஸ்பாக், அந்த எடைக்குப் பொருள்களைக் கழிக்க முடியாவிட்டால் யார் தங்குவது என்பதைத் தானே முடிவு செய்வதாக எல்லோர் முன்னாலும் சொல்கிறார். சீட்டுக் குலுக்கினால் என்ன என்று ஓடத்தில் இருக்கும் போமா எதிர்த்துக் கேட்கிறார். மருத்துவர் மெக்காயும் விடவில்லை.

பிளேக்ஸ் 7இல் அது 'ஆர்பிட்', 1981 டிசம்பர் 7. கலகக் குழுவைச் சேர்ந்த ஏவனும் வீலாவும் போகும் ஓடத்தில் எடை கூடுதல், கிரகத்தின் ஈர்ப்பிலிருந்து தப்பும் விடுபடு வேகம் எட்டாது. கையில் கிடைத்ததையெல்லாம் பிடுங்கி வெளியே தள்ளியும் இன்னும் 70 கிலோ இறக்க வேண்டியிருக்கிறது. ஓராக் என்ற கணினி ஒரு தகவலைச் சொல்கிறது: வீலாவின் எடை 73 கிலோ. ஏவன் பதில் பேசவில்லை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, குரலை மென்மையாக வைத்துக்கொண்டு, வீலாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி தேடப் போகிறார். வீலா ஒரு மூலையில் ஒளிந்து அழுகிறார்.

இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். ஸ்பாக் மனிதர்களை எடையாகப் பார்க்கத் தயங்குவதில்லை, ஏவனும் அப்படியே. ஸ்பாக் அதை வாய்விட்டுச் சொல்கிறார், அதனால் மற்றவர்கள் மறுத்துப் பேச இடம் கிடைக்கிறது. ஏவன் சொல்லவில்லை. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே 'இது தப்பு' என்று சொல்ல முடியுமா, சொன்னால் அது எங்கேனும் போய்ச் சேருமா? எனக்கு எந்தத் தொடரையும் இந்தக் கேள்வியை வைத்துப் பிரிப்பதுதான் சரியாக வருகிறது. வெளிச்சத்தை வைத்துப் பிரித்தால் பாதி இடங்களில் தவறிவிடும்.

கேள்வி: ஆனால் இரண்டு கதையிலும் யாரையும் தள்ளவில்லையே? கடைசியில் தற்செயல்தானே காப்பாற்றுகிறது?

பதில்: 'ஆர்பிட்'டில் ஆமாம். ஓடத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட, எளிதில் அசைக்க முடியாத அளவு கனமான ஒரு சிறு துண்டு ஏவனுக்குத் தட்டுப்படுகிறது. அதுதான் கூடுதல் எடைக்குக் காரணம். அதைத் தள்ளி வெளியேற்றியதும் பிரச்சினை தீர்கிறது. நடந்தது மட்டும் தீரவில்லை. வீலாவுக்கு இப்போது உண்மை தெரியும்.

'கலிலியோ'வில் நடப்பது வேறு. ஸ்காட் கைத்துப்பாக்கிகளின் சக்தியை உறிஞ்சி எரிபொருளாக மாற்றுகிறார். இதற்கு விலை உண்டு: வெளியே ஈட்டியோடு நிற்கும் பிரம்மாண்ட உயிரினங்களுக்கு எதிராக ஆயுதம் இருக்காது. இருவர் ஏற்கெனவே அவற்றால் இறந்துவிட்டார்கள். மேலெழும்பிய பிறகு ஸ்பாக் மிச்ச எரிபொருளைக் கொட்டிக் கொளுத்திவிடுகிறார், யாராவது பார்க்கமாட்டார்களா என்று. தாய்க்கப்பல் பார்க்கிறது. காரணம், மருந்து கொண்டுபோகும் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது என்ற ஆணையரின் கட்டளைக்குக் கப்பல் தலைவர் கிர்க் கீழ்ப்படிந்தாலும், கப்பலை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தார். கட்டளையை மீறாமலே மனிதனுக்கு இடம் விடுவது. இந்தத் தொடரின் நம்பிக்கை இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் இருக்கிறது. மேடைப் பேச்சுகளில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: கிர்க் ஒரு பழங்குடிக்குத் துப்பாக்கி கொடுக்கிறாரே? அதை எப்படி இலட்சியம் என்பது?

பதில்: 'எ பிரைவேட் லிட்டில் வார்' எபிசோடைச் சொல்கிறீர்கள். 1968 பிப்ரவரி 2இல், வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கிய சில நாள்களில் வந்தது. எதிரி இனமான கிளிங்கன்கள் ஒரு தரப்புக்குப் பழங்காலத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். கிர்க் அதே தரத்தில், அதே அளவில் எதிர்த் தரப்புக்கும் கொடுக்க முடிவு செய்கிறார். அதிகாரச் சமநிலை என்பது அவர் வாதம். மெக்காய் கோபமாக மறுக்கிறார். கடைசியில் கிர்க்கே அந்தத் துப்பாக்கிகளை ஏதேன் தோட்டத்துக்கு அனுப்பும் பாம்புகள் என்கிறார், முகத்தில் வெற்றியின் சாயலே இல்லாமல். முடிவு தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தவறு என்று சொல்ல ஒருவர் அறைக்குள் இருக்கிறார், அவரை யாரும் வெளியேற்றவில்லை.

இதைவிட நேர்த்தியானது 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி' (1967). அமைதியான கிரகவாசிகள் கிளிங்கன்களோடான போரைத் தடுத்ததும் கிர்க் ஆத்திரப்படுகிறார், தங்களுக்குப் போரிட உரிமை உண்டு என்பதுபோல. பிறகு வெட்கப்படுகிறார். நாயகனே தன் போர்வெறியைக் கண்டு கூசும் காட்சியை அந்தக் காலத் தொலைக்காட்சி எழுதியது பெரிய விஷயம்.

கேள்வி: பிளேக்ஸ் 7இன் கூட்டமைப்புச் சின்னம் ஸ்டார் டிரெக் அம்பைப் பக்கவாட்டில் திருப்பியது மாதிரி இருக்கிறதே?

பதில்: ஆமாம், பார்ப்பவர்கள் பலருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு அரசுக்கும் 'கூட்டமைப்பு' என்ற ஒரே பெயர் வேறு.

கேள்வி: கலகக் குழுவின் தலைவர் பிளேக் நல்லவர்தானே? அப்படியிருக்கப் பிளேக்ஸ் 7 எப்படிக் கசப்பான தொடர் ஆகும்?

பதில்: 1978 ஜனவரி 2இல் வந்த முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். உணவிலும் தண்ணீரிலும் மருந்து கலந்து குடிமக்களை மந்தமாக்கும் அரசு. எதிர்ப்பை முன்னின்று நடத்திய பிளேக்கின் நினைவை அழித்திருக்கிறார்கள். அவர் மீண்டும் விழித்துக்கொண்டதும், தியாகி ஆகிவிடக் கூடாது என்று குழந்தைகளிடம் தவறாக நடந்ததாகப் பொய் வழக்கு. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் ஆதாரம் போலி என்று கண்டுபிடிக்கிறார், மனைவியோடு கொல்லப்படுகிறார். முறையிட ஓர் இடமும் இல்லை என்பது முதல் ஐம்பது நிமிடத்திலேயே உறுதியாகிவிடுகிறது.

அப்படிப்பட்ட உலகில் நல்லவனுக்கும் கேட்கிற காது மெல்ல மெல்லப் போய்விடுகிறது. 1979 ஏப்ரல் 3இல் வந்த 'ஸ்டார் ஒன்' எபிசோடில், உலகங்களின் தட்பவெப்பம் வரை நடத்தும் மையக் கணினியை அழிக்கப் பிளேக் கிளம்புகிறார். எண்ணற்றவர்கள் இறப்பார்கள் என்று குழுவில் ஒருத்தியான கேலி (Cally) எச்சரிக்கிறாள். அவருக்கும் தெரியும். தான் செய்தது சரி என்று நிரூபிக்க அதுதான் வழி என்கிற பொருளில் பதில் சொல்கிறார். இந்த வரிக்குப் பிறகு அவரை வெறும் நாயகனாகப் பார்க்க முடிவதில்லை.

கடைசி எபிசோட் 1981 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு. பிளேக் ஆள் சேர்ப்பதற்காகப் பணத்துக்கு ஆள் பிடிப்பவராக வேடமிட்டு, வருபவர்களைச் சோதிக்கிறார். அந்தச் சோதனையை உண்மை என்று நம்பிய டாரன்ட், ஏவனின் குழுவைச் சேர்ந்தவர், ஏவனிடம் சொல்ல, ஏவன் பிளேக்கைச் சுட்டுவிடுகிறார். இதில் வில்லனின் சூழ்ச்சி என்று ஒன்று தேவைப்படவே இல்லை. நம்பிக்கையை ரகசியமாகச் சோதித்தது பிளேக், பதிலை முழுதாகக் காதில் வாங்காமல் சுட்டது ஏவன். 'ஆர்பிட்'டுக்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து இது வருகிறது என்பதைக் கவனியுங்கள். இருட்டில் துப்பாக்கியோடு நடந்தவர்தான் இங்கும் சுடுகிறார்.

கேள்வி: பின்னால் வந்த ஸ்டார் டிரெக் தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனில் குழுவினர் சண்டையே போடக் கூடாது என்று ஸ்டார் டிரெக்கை உருவாக்கிய ராடன்பெரி விதி வைத்ததாகப் படித்தேன். அது நாடகத்தைக் கெடுக்கவில்லையா?

பதில்: முதல் இரண்டு சீசனில் கெடுத்தது. எல்லோரும் ஒத்துப்போனால் வாதம் எங்கிருந்து வரும்? எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழி, மோதலை விசாரணை மேடைக்கு நகர்த்துவது. 1989இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' அப்படி. 1991இன் 'தி டிரம்ஹெட்' இன்னும் கூர்மை: வெடிப்பு வெறும் பழுது என்று தெரிந்த பிறகும் அட்மிரல் சேட்டி துரோகியைத் தேடுவதை நிறுத்தவில்லை. தாத்தா எதிரி இனமான ரோமுலன் என்பதை மறைத்த ஓர் இளைஞர் மாட்டிக்கொள்கிறார். கப்பல் தலைவர் பிகார்ட் எதிர்த்துப் பேசுகிறார், இன்னொரு அட்மிரல் எழுந்து வெளியேறுகிறார், விசாரணை அத்தோடு முடிகிறது. கெட்ட அதிகாரி இந்தத் தொடரிலும் உண்டு, ஆனால் அவரைத் தடுக்கும் கதவு திறந்தே இருக்கிறது.

கேள்வி: இன்னொரு ஸ்டார் டிரெக் தொடரான டீப் ஸ்பேஸ் நைன்?

பதில்: 1998இல் வந்த 'இன் தி பேல் மூன்லைட்' எபிசோடை மட்டும் சொல்கிறேன். தொடரின் நாயகன் சிஸ்கோ ரோமுலன்களைப் போரில் இழுக்கப் போலி ஆதாரம் தயாரிக்கிறார், அவருக்கு உதவும் காரக் ரோமுலன் செனட்டரைக் கொல்கிறார், ரோமுலன்கள் போரில் சேர்கிறார்கள். சிஸ்கோ முழுவதையும் தன் பதிவேட்டில் ஒப்புக்கொண்டு, கடைசியில் அந்தப் பதிவை அழிக்கிறார். சொல்லவும் வேண்டும், யாரும் கேட்டுவிடவும் கூடாது. ஸ்பாக்குக்கும் ஏவனுக்கும் நடுவில் ஒரு மனிதர்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர் எந்த வரிசையில் போகலாம்?

பதில்: ஸ்டார் டிரெக்கின் 79 எபிசோடையும் ஒளிபரப்பு வரிசையில் பார்த்தால் ஆரம்பத்தில் குழப்பம் வரும். இரண்டாவது பைலட், அதாவது தொடருக்கு முன் எடுத்த சோதனை எபிசோட், மூன்றாவதாகத்தான் ஒளிபரப்பானது, அதனால் சீருடையும் மருத்துவரும் திடீரென்று மாறியதுபோல் தெரியும். அதை முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு 'கலிலியோ', 'எர்ரண்ட் ஆஃப் மெர்சி', 'பிரைவேட் லிட்டில் வார்'.

பிளேக்ஸ் 7இல் தாவவே வேண்டாம். நான்கு சீசன், தலா 13, மொத்தம் 52. முதல் நான்கு எபிசோட் ஒரே தொடர்கதை. இரண்டாம் சீசனில் குழுவைச் சேர்ந்த கான் (Gan) இறப்பதைத் தவறவிட்டால் பிளேக்கின் பிடிவாதம் ஏன் அவ்வளவு கனக்கிறது என்பது புரியாது. 'ஆர்பிட்'டும் கடைசி எபிசோடும் ஒரே இரவில் வேண்டாம், நடுவில் ஒருநாளாவது விடுங்கள்.